அடைபட்ட நீரின் பலம்

கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் மறந்து விட்டால் காலையில் அது வெடித்திருக்கும். பெரும்பாலான பொருட்கள் உறையும்போது சுருங்குகின்றன, தண்ணீரோ விரிகிறது. 100 போத்தல் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 109 போத்தல் அளவு ஐஸ் கிடைக்கும்.

விரிய இடமில்லாவிட்டால் ஐஸ் சுவரைத் தள்ளும். ஆனால் இந்தத் தள்ளலுக்கும் ஓர் எல்லை உண்டு. அழுத்தம் ஏற ஏற, நீர் உறைவதற்கு இன்னும் கூடிய குளிர் தேவைப்படுகிறது. ஜேம்ஸ் தொம்சன் என்பவர் 1849 இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். மறு ஆண்டே அவருடைய தம்பி வில்லியம் (பின்னாளில் கெல்வின் பிரபு) பரிசோதித்து உறுதிப்படுத்தினார். பூச்சியத்துக்கு ஒரு பாகை கீழே என்றால், அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 135 கிலோ ஆனதும் உறைதல் நின்றுவிடும். லொறி ரயரில் நாம் அடிக்கும் காற்று 7, 8 கிலோதான்! 22 பாகை கீழே போனால் 2000 கிலோவையும் தாண்டும். குளிர்நாடுகளில் பாறை பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொஸ்லந்தவில் தண்ணீர் உறைவதில்லை. நுவரெலியாவிலும் உறைபனி கொழுந்தைக் கருக்குவதோடு சரி. ஆனால் அடைபட்ட நீர் தள்ளுவதற்கு உறைய வேண்டும் என்றில்லை. பாறைமேல் 10 மீற்றர் ஈரமண் இருந்தால், அதன் பாரம் சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 2 கிலோ. அந்தப் பாரம்தான் சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கிறது. மழைநீர் வெளியேற வழியின்றி மேல்வரை நிறைந்தால், அது 1 கிலோவால் மேல்நோக்கித் தள்ளும். பிடி பாதியாகிவிடும். 135 எங்கே, 1 எங்கே? ஆனாலும் மலை நகர அது போதும்.

2014 ஒக்டோபர் 29 காலை, கனமழைக்குப் பின் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அங்கிருந்து மக்கள் விலக வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் 2014 இல் குடும்பங்கள் அதே லயங்களில்தான் இருந்தன.

லயத்துக்கு மேலேயுள்ள கான்களை மழைக்கு முன்பே துப்புரவாக்குங்கள். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறிய பிறகு 117 க்கு அழையுங்கள்.