மொட்டை மாடியில் சுடுதண்ணீர்: டியூபா, பிளேட்டா, கீசரே போதுமா?

பிளம்பர் அறுத்து என் கையில் கொடுத்த செம்புக் குழாய்த் துண்டை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நுழைய வேண்டிய குழாய் அது. உள்ளே சுற்றிலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்து, நடுவில் பென்சில் முனை போகும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. கோயம்புத்தூரில் சிறுவாணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று இரண்டு வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். எங்கள் மேல்தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். ஹீட்டர் விற்றவர் அதைக் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. பிளேட் மாடல் சோலார் ஹீட்டர் மாடிக்கு வந்தது. நாலாவது வருடம், சுள்ளென்று வெயில் அடித்த நாளிலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான் கிடைத்தது.

அதனால் சோலார் போடலாமா என்று யார் கேட்டாலும், வெயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்கள் வீட்டு உப்பைப் பற்றித்தான் கேட்கிறேன். தண்ணீர் காயவைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படிவு இருந்தால், சாதாரண பிளேட் மாடலை மறந்துவிடுங்கள்.

பிளேட் மாடலில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புப் பூச்சுப் பூசிய செம்புத் தகடும், அதோடு ஒட்டிய மெல்லிய குழாய்களும் இருக்கும். சூடான தண்ணீர் தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் தேவையில்லை. நல்ல தண்ணீர் கிடைக்கும் வீட்டில் இதைப்போல் நீடித்து உழைப்பது வேறில்லை. உப்புத் தண்ணீரில் அந்த மெல்லிய குழாய்தான் முதலில் அடைபடும். தகட்டுக் குழாய்களில் வேறு நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றி, சூட்டை மட்டும் தொட்டிக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகையும் உண்டு. விலை கூடுதல்.

டியூப் மாடலில் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்கள், இடையே வெற்றிடம். ஃபிளாஸ்க் போலச் சூட்டை வெளியே விடாது. குழாய் அகலம் என்பதால் உப்பு படிந்தாலும் அடைத்துக்கொள்வதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கழற்றி அடியில் தங்கிய வண்டலைக் கொட்டினால் போதும். குளிரும் காற்றும் உள்ள ஊட்டி, கொடைக்கானலுக்கும் இதுதான் சரி. உறைபனி இரவில் பிளேட் மாடலின் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். டியூப் மாடலின் பலவீனம் கண்ணாடிதான். தேங்காய் விழுந்தோ குரங்கு குதித்தோ ஒரு குழாய் உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும். குழாயின் அடிமுனை வெள்ளி போலப் பளபளக்கும். அது பால்போல வெளுத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று பொருள், அந்த ஒரு குழாயை மாற்ற வேண்டும்.

எத்தனை லிட்டர்? விற்பவர்கள் பெரிதாகவே சொல்வார்கள். 60 டிகிரித் தண்ணீரில் பத்து லிட்டர் எடுத்து அதே அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்க ஒரு வாளி தயார். நாலு பேர் ஆளுக்கு இரண்டு வாளி என்றால் 80 லிட்டர். அப்படியானால் 100 லிட்டர் தொட்டி தாராளம். ஷவர் பழகிய வீட்டுக்கு மட்டும் 200.

இனிச் செலவு. அந்த எட்டு வாளியையும் கீசரில் காய்ச்சினால் நாளுக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்டுக்குக் குறையாது. தமிழ்நாட்டில் தொடக்க யூனிட்டுகள் இலவசம், அதன்பின் விலை படிப்படியாக ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து கூடும். ஆகவே மிச்சமாகும் யூனிட்டுகள் உங்கள் பில்லிலேயே விலை அதிகமானவை. அந்தக் கடைசிப் படியின் விலையால் பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு வருடத்தில் எத்தனை மாதம் சுடுதண்ணீர் தேடுகிறீர்கள் என்பதில்தான் நிற்கிறது. மலையடிவாரத்திலும் ஓசூர்ப் பக்கமும் பெரும்பாலான மாதங்கள் தேவைப்படும். முட்டிவலிக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் எந்த ஊரிலும் தேவைதான். மார்கழி, தை மட்டும் தேடும் சென்னைக் குடும்பத்துக்கு நான் சோலார் ஹீட்டரைச் சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும், சித்திரையில் மேல்தொட்டித் தண்ணீரே சுடும். ஸ்டார் குறியீடு பார்த்து வாங்கிய 15 லிட்டர் கீசர் அவர்களுக்குப் போதும். மாடியில் இடமிருந்தால் மின்சாரம் தரும் சோலார் பேனல் போடட்டும். அது விசிறிக்கும் ஏசிக்கும் வருடம் முழுக்க உதவும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பது இந்தப் பேனலுக்குத்தான், தண்ணீர் ஹீட்டருக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முடிவு செய்தவர்கள் மாடிக்கு ஏறி இரண்டைப் பாருங்கள். மேல்தொட்டியின் அடி, ஹீட்டர் தொட்டியின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தெற்கு வானம் திறந்திருக்க வேண்டும். பக்கத்துத் தென்னையின் நிழல் மார்கழியில் எங்கே விழும் என்று யோசியுங்கள், அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்து போகும். குளியலறைக்கு பிரஷர் பம்ப் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சாதாரணத் தொட்டி அந்த அழுத்தத்தைத் தாங்காது.

அடுத்தது குழாய். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும், சிபிவிசி போட்டு மேலே உறையும் சுற்ற வேண்டும். மாடியிலிருந்து 20 மீட்டர் முக்கால் அங்குலக் குழாயில் ஆறு லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் அது பச்சைத் தண்ணீராகத்தான் வரும். எங்கள் வீட்டில் அதைத் தனி வாளியில் பிடித்து, பிறகு சுடுதண்ணீரோடு விளாவிக் கொள்கிறோம். பச்சைத் தண்ணீர் முதலில் வாளியில் இருப்பது பிள்ளைகளுக்கும் நல்லது. வெயில் காலத்தில் டியூப் மாடல் தண்ணீர் தோலை உரித்துவிடும் சூட்டில் வரும்.

பழைய கீசரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். சோலார் தொட்டிக்குள்ளேயே மின் காயில் போட்டுத் தருகிறோம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒரு வாளிக்காக அது 100 லிட்டரையும் காய்ச்சும். அடைமழை நாளுக்குக் குளியலறைக் கீசரே சிக்கனம்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது டியூப் மாடல் தொட்டி காலியாகக் கிடந்தால், உச்சிவெயிலில் மோட்டாரைப் போடாதீர்கள். காய்ந்து கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். மறுநாள் விடியும் முன் நிரப்புங்கள்.