மருந்தும் இரத்தமும்

நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோயை மருத்துவர்கள் ‘லிம்போமா’ என்பர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களில் ஒரு வகை கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் இந்நோய் உண்டாகிறது. பெரும்பாலும் இது கழுத்திலோ அக்குளிலோ வீக்கமாகத் தொடங்கும். வலி இல்லாததால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இந்நோய்க்குத் தரப்படும் முக்கியச் சிகிச்சை கீமோதெரபி. பலருக்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருந்து செலுத்தப்படும். வேகமாகப் பெருகும் அணுக்களை அம்மருந்து அழிக்கும். புற்றணுக்கள் அத்தகையவை. ஆனால், மயிர்க்கால், வாயின் உட்புறம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலுள்ள அணுக்களும் அப்படித்தானே! அதனால்தான் முடி உதிர்கிறது. வாயில் புண் வருகிறது. டாக்சோரூபிசின் என்னும் மருந்து செந்நிறமானது. அதைச் செலுத்தியபின் ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து காணப்படும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரத்தம் என்றெண்ணி நோயாளி அஞ்சிவிடுவார்.

உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். அதைவிடக் கவலைக்குரியது எலும்பு மஜ்ஜைதான். இரத்த அணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. வெள்ளையணுக்கள் குறைந்தால் சிறு தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். நமக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வோம். கீமோதெரபி பெறுபவரோ நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சிவப்பணுக்கள் குறைந்தால் படியேறும்போதே மூச்சு வாங்கும். தட்டணுக்கள் குறைந்தால் பல் துலக்கும்போதே ஈறில் இரத்தம் கசியும்.

சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் இரத்தம் ஏற்றி ஈடுசெய்யலாம். ஏற்றுவதற்கு முன் நோயாளியின் பெயர், அடையாள எண், இரத்தப் பிரிவு ஆகியவற்றைத் தாதியர் சரிபார்ப்பர். முதல் 15 நிமிடங்கள் கூர்ந்து கவனிப்பர். சிலருக்குக் குளிர் நடுக்கமோ காய்ச்சலோ தோலில் தடிப்போ ஏற்படலாம். தாதியருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று சில முதியவர்கள் பொறுத்துக்கொள்கின்றனர். அது நல்லதன்று. உடனே சொன்னால், ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கண்டறிய முடியும்.

சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் ஏறத்தாழ ஆறு வாரம் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் அப்படியல்ல. அவற்றை அறை வெப்பநிலையில் இடைவிடாமல் அசைத்தபடி வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் அவை ஐந்து முதல் ஏழு நாள்களே தாங்கும். அதனால், சீனப் புத்தாண்டு போன்ற நீண்ட விடுமுறைகளில் கொடையாளர்கள் குறைந்தால் முதலில் தட்டுப்பாடாவது தட்டணுக்களே. நோயாளிகளின் சிகிச்சைக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

சிங்கப்பூரில் குறைந்தது 45 கிலோ எடையுள்ள, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் 16 வயது மாணவரும், பெற்றோரின் ஒப்புதலுடன் இரத்த தானம் செய்யலாம்.