கொப்பளித்தால் போகாது, தம்பி



ஸ்டீராய்டு இன்ஹேலரும் நிமோனியாவும் பற்றி மாத இதழில் நீங்கள் எழுதியதை வாசித்தேன். எந்த மருந்து என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சலூட்டிய இடங்களுக்கு நேராக வருகிறேன்.

'மருந்தை இழுத்ததும் வாய் கொப்பளித்துவிட்டால் நிமோனியா பயம் இல்லை' என்கிறீர்கள். கொப்பளிப்பது வாயில் படரும் வெள்ளைப் பூஞ்சைக்கு. தொண்டை கம்முவதற்கும் ஓரளவு உதவும். நிமோனியா நுரையீரலுக்குள் நடக்கிற சங்கதி. அங்கே போய்ப் படிந்த ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பதுதான் சிக்கல் என்று கருதுகிறோம். வாயில் ஊற்றும் தண்ணீர் அதை என்ன செய்யும்? உங்கள் வரியை நம்பி, காய்ச்சலும் மஞ்சள் சளியுமாக ஒரு பெரியவர் வீட்டிலேயே இருந்துவிட்டால்?

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஆஸ்துமாவையும், சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டீர்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடிப்படை மருந்து; அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சிஓபிடியில் முதலிடம் மூச்சுக்குழாயை நெடுநேரம் விரித்து வைக்கும் மருந்துகளுக்கு. ஸ்டீராய்டு தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும். உங்கள் எச்சரிக்கை இரண்டாமவருக்கானது. அதைப் படித்துவிட்டு இன்ஹேலரைத் தூக்கிப் போடப்போகிறவர் முதலாமவர்.

'ஒன்றரை மடங்கு ஆபத்து' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எதோடு ஒப்பிட்டு? என்னிடம் பயின்ற எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சலித்தவர்கள், நீங்களும் கேளுங்கள். 2007-இல் டார்ச் ஆய்வு வெளிவந்தபோது எங்கள் துறையில் எல்லோரும் இறப்பு விகிதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பெரியவர் மட்டும் பக்கவிளைவு அட்டவணையில் நிமோனியா வரிசையில் பென்சிலை வைத்து, 'இதைப் பாருங்கள்' என்றார். சிஓபிடிக்காரர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர், 3 ஆண்டுகள். வெற்று மருந்து எடுத்தவர்களில் நிமோனியா 12.3 சதவீதம். புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டும் சால்மெட்ராலும் சேர்த்து எடுத்தவர்களில் 19.6. அதாவது நூறு பேரில் ஏழு பேர் கூடுதல். ஆனால் திடீரென்று நோய் முற்றுவது ஆண்டுக்கு 1.13 முறையிலிருந்து 0.85 ஆகக் குறைந்தது. லாபம் பெரிதாகத் தெரிகிறதா? ஸ்டீராய்டே இல்லாமல் சால்மெட்ரால் மட்டும் எடுத்தவர்களுக்கு அது 0.97, நிமோனியா 13.3. ஸ்டீராய்டால் கிடைத்த லாபம் என்று பார்த்தால் 0.97-க்கும் 0.85-க்கும் உள்ள இந்த இடைவெளிதான். நிமோனியா என்று எழுத அந்த ஆய்வில் எக்ஸ்ரே கட்டாயமில்லை என்பதையும் பெரியவர் அன்றே சொன்னார். உங்கள் 'ஒன்றரை மடங்கு' வாசகரைப் பயமுறுத்துகிறது. இந்த எண்களோ, தன் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தருகின்றன.

யாருக்குக் கொடுப்பது என்பதைத் தொடவே இல்லை நீங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே ஈசினோபில் எண்ணிக்கை இருக்கிறது. 300-க்கு மேல் இருந்து, நோய் அடிக்கடி முற்றுகிறவருக்கு ஸ்டீராய்டு நன்மை செய்யும். 100-க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். குடற்புழு இருந்தாலும் இந்த எண் ஏறும் என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது. காசநோய் வந்து ஆறிய தழும்புள்ள நுரையீரல்கள் நம்மிடம் ஏராளம். அங்கே கை இன்னும் நிதானமாக இருக்கட்டும்.

உங்கள் கட்டுரையில் வரும் அந்த விவசாயியைப் பற்றிய பத்தியைச் சொல்லாமல் விட முடியாது. ரோட்டாஹேலரில் போட்டு இழுக்க வேண்டிய கேப்சூலைக் காலையும் இரவும் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார் என்பதை, 'எப்படி இழுக்கிறீங்க, செய்து காட்டுங்க ஐயா' என்று கேட்டுக் கண்டுபிடித்தீர்களே, அது அபாரம். அவர் கேப்சூலை நாக்கில் வைத்து, செம்பைச் சாய்த்த காட்சியை நான் இரண்டு முறை படித்தேன். மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் இப்படிச் செய்து காட்டச் சொல்லும் பொறுமை பெரிய படிப்புப் படித்த பலரிடம் இல்லை. தமிழில் மருத்துவம் எழுதுகிறவர்களிடம் இவ்வளவு நல்ல பத்தியை நான் பார்த்ததில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். கொப்பளிப்பதால் நிமோனியா தடுக்கப்படாது என்று ஒரு வரி. ஆஸ்துமாக்காரர்கள் யாரும் தாமாக இன்ஹேலரை நிறுத்தக் கூடாது, சிஓபிடிக்காரர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று இன்னொரு வரி. இந்த மாதமே கேட்டுவிடுங்கள், தம்பி.