காவல் நாய்க்குட்டிக்கு உணவூட்டும் ஒழுங்கு

வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் இரவிற் புகும் காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி முதலியவற்றின் வரவைக் குரைத்து அறிவிப்பதற்காகக் கமக்காரர் பலர் நாய் வளர்க்கின்றனர். ஆயின் குட்டிக்கெனத் தனியே உணவு ஆக்குவோர் சிலரே. வீட்டார் உண்டு எஞ்சிய சோற்றையும் குழம்பையும் நாளுக்கு ஒரு முறை கொட்டிவிடுதலே பெருவழக்கு. இவ்வாறு வளரும் குட்டி வயிறு பருத்துக் கால் மெலியும். பசியால் அயலாரின் கோழியையும் முட்டையையும் நாடும். எலிக்கென வரம்பில் வைத்த நஞ்சுணவைத் தின்று மடிதலும் உண்டு. குறித்த வேளையில் ஏற்ற உணவு கொடுத்துவரின் இக்கேடுகளிற் பெரும்பாலனவற்றைத் தவிர்க்கலாம்.

1. எத்தனை வேளை?

எடைக்கு எடை பார்க்கின், இளங்குட்டிக்கு வளர்ந்த நாயிலும் ஏறத்தாழ இரு மடங்கு உணவு வேண்டும். அதன் இரைப்பையோ சிறிது. நெற்பயிருக்கு யூரியாவை ஒரேயடியாக இடாது பிரித்து இடுகின்றோமன்றோ? குட்டியின் உணவும் அவ்வாறே பிரித்துக் கொடுக்கற்பாலது.

8 வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. அதன்பின்,

3 மாதம் வரை: நாளுக்கு 4 வேளை (காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 மணி).
3 முதல் 6 மாதம் வரை: 3 வேளை.
6 மாதத்தின் பின்: காலையும் மாலையும் 2 வேளை.

2. எவ்வுணவு?

குழையச் சமைத்த சோறு அல்லது குரக்கன் கூழ் இரண்டு பங்குடன், அவித்த மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றை ஒரு பங்கு சேர்க்க. அவித்த பூசணி சிறிது சேர்த்தல் நன்று. நெத்தலி போன்ற சிறு மீனை முள்ளுடன் நன்கு அவித்து மசித்துக் கொடுப்பின், எலும்பு வளர்ச்சிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் ஓரளவு கிடைக்கும். இச்சத்து போதுமா என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறிக. குட்டிகளுக்கென விற்கப்படும் உலர் உணவும் ஏற்றதே. உணவை மாற்றுவதாயின் ஒரு வார காலத்திற் சிறிது சிறிதாக மாற்றுக.

வெங்காயம், மிளகாய், உப்பு மிகுந்த கறி, சமைத்த கோழியெலும்பு ஆகியவற்றைக் கொடுத்தலாகாது. சமைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

3. எவ்வளவு?

கால்மணி நேரத்திற்குள் உண்டு முடிக்கும் அளவே போதியது, மிஞ்சியதை எடுத்துவிடுக. மரக்கறி நிறுக்கும் தராசிற் குட்டியை வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வைக்க. எடை ஏறாதாயின் உணவோ உடல்நலமோ குறைவென அறிக. விலாவெலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும்; கண்ணுக்குத் துருத்தித் தோன்றுதலாகாது. தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

4. நஞ்சு பற்றிய எச்சரிக்கை

வெறுமையான பூச்சிநாசினிக் கலனை வெட்டி உணவுப் பாத்திரமாக்குதல் கூடாது. எத்துணை கழுவினும் நஞ்சு எஞ்சக்கூடும். எலிநஞ்சு வைத்த நாட்களிற் குட்டியை அடைத்து வைக்க. இறந்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க. குட்டி நஞ்சுண்டதென ஐயுறின், நஞ்சின் பொதியுறையையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் செல்க.

5. புழு நீக்கல்

நாய்க்குட்டிகள் பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே வட்டப்புழுவைப் பெற்றுவிடுகின்றன. புழு இருப்பின் இட்ட உணவு உடலிற் சேராது. 2 வார வயது முதல் 8 வாரம் வரை இரு வாரத்திற்கொரு முறையும், பின்னர் 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும் மருந்து கொடுக்க வேண்டும். மருந்தின் அளவு எடைக்கேற்ப மாறுமாதலின் மிருக வைத்தியரைக் கேட்டே கொடுக்க.

இப்புழுவின் முட்டைகள் மலத்துடன் மண்ணிற் கலந்து சிறுவரையும் பற்றும். உண்டவுடன் குட்டி மலங்கழிக்கும் இயல்புடையது. ஆதலின் ஒவ்வொரு வேளை முடிவிலும் கீரைப் பாத்திக்கு அப்பால் ஓரிடத்திற்கு அதனைக் கொண்டு சென்று பழக்குக. மலத்தைப் புதைத்துவிடுக. விசர்நோய்த் தடுப்பூசியையும் உரிய வயதில் இடுவிக்க மறவற்க.

நேரந்தவறாது உணவு பெறும் குட்டி, அவ்வேளைகளில் வீட்டை நாடி வரும், ஊர் சுற்றாது. காவலுக்கு வேண்டிய முதற் பழக்கம் அதுவே.