பன்றிக்கும் கோழிக்கும் கைக்கும் ஒரே கிருமி

நேற்று மாலை வரை நன்றாகத் தின்ற பன்றி இன்று காலை எழும்பாமல் கிடக்கிறது. உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது. தட்டி எழுப்பினால் கத்திக்கொண்டு எழும்பி, சற்று நின்றுவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறது. அப்போது பல வீடுகளில் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: சாகமுன் வெட்டினால் இறைச்சியாவது மிஞ்சும். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தின் முதல் முழுவதும் அந்த ஒரு பன்றியாக இருக்கையில் இப்படி எண்ணுவதைக் குறைகூற முடியாது. ஆனால் நோய் எரிசிப்பெலஸ் என்றால், வெட்டிய கத்தியோடு கிருமி கோழிக்கூட்டுக்கும் உங்கள் கைக்கும் வந்துசேரும்.

எரிசிப்பெலஸ் ஒரு பற்றீரியாவால் வருகிறது. நல்ல சுகமாயுள்ள பன்றிகள் பலவற்றின் தொண்டைச் சதையிலும் அது ஒளிந்திருக்கும். அவை எச்சிலாலும் சாணத்தாலும் நிலத்தில் கிருமியைப் பரப்பும். கடும் வெயில், நெரிசல், நீண்ட பயணம், திடீர்த் தீன் மாற்றம் ஆகியவற்றால் பன்றி தளரும்போது நோய் தலைதூக்கும். இடம்பெயர்வில் இவை எல்லாமே ஒன்றாக வருகின்றன அல்லவா? மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையான பன்றிகளே பெரும்பாலும் அகப்படும்.

பறவைகளுக்கும் இக்கிருமிக்கும் உள்ள உறவு பழைய சேதி. 1883இல் பிரான்சில் பாஸ்டரும் துயிலியேயும் இக்கிருமியை ஒரு புறாவிலிருந்து இன்னொரு புறாவுக்கு மாற்றி மாற்றி ஏற்றினர். அதன் பின் அது பன்றியை முன்னிலும் கடுமையாகத் தாக்கியது. முயல்களில் அவ்வாறு ஏற்றியபோது பன்றிக்கு அதன் வீரியம் குறைந்தது. அதையே தடுப்பூசியாக்கினர்.

அடையாளம் என்ன? காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளில் முதுகிலும் விலாவிலும் சாய்சதுர வடிவில், தொதலைச் சரிவாக வெட்டினாற்போல், சிவந்த தடிப்புகள் எழும். கறுத்த தோலில் நிறம் தெரியாது. உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், மேடு தட்டுப்படும். சிலது தடிப்பு எழமுன்னரே செத்துவிடும். சினைப்பன்றி குட்டி வீசலாம். தப்பியவற்றில் சில மூட்டு வீங்கி நொண்டும்.

கோழியிலும் தாராவிலும் இத்தகைய தெளிவான அடையாளம் இல்லை. சோர்வு, கழிச்சல், முட்டை குறைதல், திடீர்ச் சாவு என்பவையே தெரியும். வான்கோழிக்கு இது மிகக் கொடியது. ரணிக்கெற் நோயிலும் கோழிகள் திடீரென்று சாகும். பன்றிக் காய்ச்சலிலும் தோல் சிவக்கும். அவை வைரசு நோய்கள், பென்சிலினுக்கு அசையாதவை. ஆகவே நோய் எது என்பதை மிருக வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

எரிசிப்பெலசுக்குப் பென்சிலின் ஊசி நன்கு வேலை செய்யும், முதல் நாளிலேயே போட்டால். அயல்வீட்டில் மிஞ்சிய வேறு மருந்தைப் போட்டுப் பார்ப்பது வீண். நியோமைசின், சல்பா வகைகளுக்கு இக்கிருமி பொதுவாக மசிவதில்லை.

இனி இறைச்சி விடயம். உப்பிட்டாலும் புகையில் காயவைத்தாலும் கிருமி மாதக்கணக்கில் சாகாது. நன்றாகக் கொதித்தால் சாகும். ஆயினும் ஆபத்து சட்டியில் அல்ல, வெட்டும் கையில்தான். விரலில் சிறு கீறல் இருந்தால் போதும். சில நாளில் அவ்விடம் ஊதாச் சிவப்பாக வீங்கி, எரிந்து வலிக்கும். மீன் வெட்டுவோருக்கும் இது வருவதுண்டு, மீனின் வழுக்கலிலும் இக்கிருமி இருப்பதால். அப்படியானால் வைத்தியசாலையில், பன்றியையோ மீனையோ தொட்டதை மறவாமல் சொல்லுங்கள். அரிதாக அது இதயத்தையும் தாக்கும்.

செத்ததை வெட்டாமல், இழுத்துச் செல்லாமல், பழைய சாக்கில் தூக்கிக் கிணற்றுக்குத் தூரமாக ஆழப் புதையுங்கள். நாய் தோண்டாதபடி மேலே முள்ளும் கல்லும் போடுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் குசினிக் கழிவையும் கொதிக்கவைத்தே பன்றிக்கு ஊற்றுங்கள். பன்றி கிடக்கும் சேற்றைக் கோழி கிளறாதபடி ஒரு வேலி அவசியம். பனைமட்டை வேலியே போதும். புதிதாக வாங்கிய குட்டியை மூன்று நான்கு கிழமை வேறாகக் கட்டி, அதற்குக் கடைசியாகவே தீன் வையுங்கள்.

பக்கத்துக் கொட்டிலில் பன்றி விழுந்தால் உங்கள் பன்றியையும் அன்றே தடவிப் பாருங்கள்.