காத்து நிறைய போனா வண்டி பறக்குமா?

"ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டா காத்து நிறைய போகும், வண்டி பறக்கும்" என்று சொல்லி, என் அண்ணன் தன் பழைய 100 சிசி பைக்கில் அதைக் கழற்றிவிட்டான். சத்தம் கூடியது. ஆனால் ஏரிக்கரை மேட்டில் வண்டி திணறியது. ஏன்?

அந்த சிலிண்டர் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 100 கன செ.மீ. தான் இழுக்கும். ஃபில்டரைக் கழற்றினால் சிலிண்டர் பெரிதாகிவிடுமா? மேலும், 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டர், ஜெட் என்ற சிறு துளை வழியாக பெட்ரோலை அளந்து விடுகிறது. காற்று கொஞ்சம் கூடினாலும் பெட்ரோல் அதற்கேற்பக் கூடாது. கணக்கு தப்பும். இழுவை குறையும், இன்ஜின் சூடாகும்.

பந்தயக் கார்களில் காற்றுக்குழாயை மாற்றுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் பெட்ரோல் அளவு, சைலன்சர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். குளிர்ந்த காற்று உள்ளே போகவும் வழி செய்கிறார்கள். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அதனால் ஆக்சிஜனும் அதிகம். நாம் ஓட்டும் சாதாரண வண்டியில் கம்பெனி ஃபில்டரே போதுமான காற்றை விடும்.

பெரிய ஆபத்து தூசிதான். ஃபில்டர் இல்லாததால் செம்மண் தூசி உள்ளே போய், உப்புத்தாள் போலத் தேய்த்துவிட்டது. வண்டி புகை கக்கியது. மெக்கானிக் அண்ணன் பிரித்துப் பார்த்து, "போர் தேஞ்சு போச்சு தம்பி" என்றார். அம்மாவின் சீட்டுப் பணம் அதிலேயே போயிற்று.

வேகம் வேண்டுமா? ஃபில்டரைக் கழற்றாதீர்கள், சுத்தமாக வையுங்கள்!

- 9-ஆம் வகுப்பு மாணவி