கதவைக் காட்டுவதும் ஔடத தானமே



தென்குமரிக்குச் செல்லும் நம்மவர் பலரும் மார்த்தாண்டத்தை அடுத்த சிதறாலுக்குச் சென்று திருச்சாரணத்து மலையை வணங்கி வருகின்றனர். பாறையில் புடைப்புருவாய் விளங்கும் தீர்த்தங்கரர்களையும், பத்மாவதி, அம்பிகை ஆகிய இயக்கியரையும் கண்டு உள்ளம் நெகிழ்கின்றனர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னர், குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் அம்மையார் அங்குப் பொன் அணிகலன் அளித்த செய்தி கல்வெட்டாய் நிற்கிறது. ஆயினும், இவ்வாறு செல்லும் எந்த யாத்திரைக் குழுவிலும் மலையேற இயலாமல் அடிவாரத்து நிழலில் அமர்ந்துவிடும் முதியவர் ஒருவராவது இருப்பார். "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கிருந்தே கும்பிட்டுக் கொள்கிறேன்" என்பார். நாமும் போய் வந்துவிடுகிறோம். அவ்வாறு அடிவாரத்தில் அமர்ந்துவிட்டவர்களைப் பற்றியதே இப்பாடம்.

நால்வகைத் தானமும் ஓர் அகத்தவமும்

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என இல்லறத்தார்க்குரிய தானம் நான்கு என்பதை நாம் அறிவோம். அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியமும் ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் வையாவிருத்தியத்திற்கு உரியோர் எனப் பதின்மரைக் கூறும். அவர்களுள் நோயுற்றோரும் உளர். நற்காட்சியின் உறுப்புகளுள் ஒன்றான அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனை நம் நூல்கள் காட்டுகின்றன. நோயுற்ற முனிவர் தன்மேல் உமிழ்ந்தபோதும் முகம் சுளியாமல், தான் அளித்த உணவே தீங்கு செய்ததோ என்று வருந்தி, அவரைத் தூய்மை செய்தவன் அவன்.

இன்று ஔடத தானம் என்றவுடன் மருந்துக்குப் பணம் கொடுப்பதே நம் நினைவுக்கு வருகிறது. அது நன்றே. ஆனால் நம் காலத்தில் நலிந்தோர் பலர் துன்புறுவது மருந்து இல்லாமையால் அன்று, மருந்து இருக்கும் இடத்தை அறியாமையால். உதவி ஓர் அலுவலகத்தில் இருக்கிறது, உரியவர் படுக்கையில் இருக்கிறார். இரண்டிற்கும் இடையே உள்ள வழியை நடந்து கடக்க ஒருவர் வேண்டும். அவ்வொருவராக நாம் ஆவது எங்ஙனம் என்பதை நாஞ்சில் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம். இங்குச் சொல்லப்படும் அரசு அமைப்புகள் பெரும்பாலும் எல்லா மாவட்டங்களிலும் இருப்பதால், வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்கும் இப்பாடம் பொருந்தும்.

நாஞ்சில் நாடு காட்டும் வழி

மருத்துவப் பணியில் இம்மாவட்டத்திற்கு நெடிய வரலாறு உண்டு. 1838-ஆம் ஆண்டு மருத்துவர் ஆர்ச்சிபால்டு இராம்சே நெய்யூரில் இலண்டன் மிஷன் சார்பில் சிகிச்சையைத் தொடங்கினார். 1922-இல் எவரெஸ்டு மலைக் குழுவில் வந்த மருத்துவர் ஹோவார்டு சாமர்வெல், பின்னர் நெய்யூருக்கு வந்தபோது ஒரே அறுவை மருத்துவர் பெருந்திரளான நோயாளருக்கிடையே தவிப்பதைக் கண்டார். இலண்டனில் காத்திருந்த உயர்வாழ்வைத் துறந்து அங்கேயே பணியாற்றலானார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனையும் 1890-களில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்பவர் சிறிய அளவில் மருந்து கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததே. சமயம் வேறாயினும் தொண்டின் இயல்பு ஒன்றே. பிறர் செய்த நன்மையைப் போற்றுவதும் நமக்கு அறமாகும்.

அரசின் பங்கும் பெரிது. ஆசாரிப்பள்ளத்தில் 2001-இல் தொடங்கப்பட்ட கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி உள்ளது. எல்லை கடந்தால் திருவனந்தபுரத்தில் 1981-இல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. இத்தனை இருந்தும் ஒரு மூதாட்டிக்கு மருந்து எட்டாமல் போவது ஏன் என்பதே நம் வினா.

ஒரு மூதாட்டியை எண்ணிக் கொள்வோம்

தோவாளை வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 72 அகவை நிறைந்த ஒரு மூதாட்டி தனித்து வாழ்வதாகக் கொள்வோம். கணவர் இல்லை, மக்கள் இல்லை. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. பக்கவாதத்தால் வலக்கை இயங்கவில்லை. வீட்டை உடன்பிறந்தார் மகனுக்கு இஷ்டதானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் இப்போது வருவதில்லை. அண்டை வீட்டார் நாம். நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, மருந்து. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. இயன்முறை மருத்துவரும் செவிலியரும் படுக்கையில் இருப்போரை வந்து காண்பர். இதற்கு அவர் பெயர் பதிவாகியிருத்தல் வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு நாம் ஒருமுறை சென்று, "இன்ன தெருவில், இன்ன நிலையில் ஒருவர் இருக்கிறார்" என்று சொன்னாலே போதும். ஐயம் கேட்க 104, அவசர ஊர்திக்கு 108.

இரண்டாவது, பெருஞ்செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உள்நோயாளர் சிகிச்சைக்கு உதவுகிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். பலர் நோய் முற்றி மருத்துவமனை வாயிலில் நிற்கும்போதே அட்டையை நினைக்கின்றனர். நலமாய் இருக்கும் நாளிலேயே பதிந்து வைப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, மாற்றுத்திறன் அட்டை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பக்கவாதத்தால் கை முடங்கியவரும் மருத்துவக் குழு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்றளித்தால் சலுகைகளுக்கு உரியராவர். "முதுமையில் வந்ததுதானே" என்று எண்ணி இதனை விட்டுவிடுவோர் மிகுதி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் விண்ணப்பத்திற்கு வழிகாட்டும்.

நான்காவது, உதவித்தொகை. 60 வயது கடந்த ஆதரவற்றோர்க்குரிய மாத ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தின் வழி விண்ணப்பிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இதனைக் கவனிப்பார். காலம் தாழ்ந்தால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெற்றுக் கொள்ள வேண்டும்.

எழுதிக் கொடுத்த வீடு

ஐந்தாவது, சட்டம். நாஞ்சில் நாட்டிற்கு இது புதிய துன்பமன்று. மருமக்கள் வழி நிலவிய நாளில் கணவன் மறைந்ததும் மனைவியும் மக்களும் வீதிக்கு வந்த அவலத்தைத் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலில் பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனச் சட்டம் இயற்றி அம்முறையை மாற்றியது. இன்று நிலை வேறு. மனமுவந்து எழுதிக் கொடுத்த முதியோரே கைவிடப்படுகின்றனர்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்குத் தீர்வு தருகிறது. மக்கள் இல்லாதவர், தம் சொத்தைப் பெற்ற அல்லது பெறவிருக்கும் உறவினரிடம் பராமரிப்புக் கோரலாம். பேணிக் காக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு அளித்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் செல்லாதென அறிவிக்கக் கோரவும் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆதலின் எழுதிக் கொடுக்கும் முன்னரே அந்நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாய் எழுதுவித்தல் வேண்டும். மனுவைக் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். இம்மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரு கோட்டங்கள் உள்ளன. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதியோர்க்கெனவே 14567 என்னும் உதவி எண்ணும் உண்டு.

வெட்கம் பூட்டிய கதவு

நம் குடும்பங்களில் மறைக்கப்படும் நோய் மன நோய். தோஷம் என்றும் ஏவல் என்றும் சொல்லி ஊர் ஊராய்க் கொண்டு செல்கிறோம், சிலர் கட்டியும் வைக்கின்றனர். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த மன நோயாளர் 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டு சேர்த்தவர்களுள் பலர் வேறு வழி அறியாத உறவினரே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் சங்கிலியிற் பிணைத்தலைத் தடை செய்துள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வீட்டிலிருந்தே பேச 14416 என்னும் எண் 2022 முதல் இயங்குகிறது. கொல்லாமையை உயிர்நிலையாகக் கொண்ட நாம், ஓர் உயிரைக் கட்டி வைத்து வருத்துவதற்கு உடன்படலாகாது.

தீராத நோயால் வலியில் துடிப்போர்க்கும் வழி உண்டு. வலி தணிப்பு மருத்துவம் நோயைத் தீர்க்க முற்படுவதன்று. நோயாளி எஞ்சிய நாளை அமைதியோடு கழிக்கவும், குடும்பத்தார் தளராதிருக்கவும் துணை செய்வது. 2003-இல் மருத்துவர் எம். ஆர். இராசகோபாலும் பிறரும் திருவனந்தபுரத்தில் தோற்றுவித்த பாலியம் இந்தியா என்னும் நிறுவனம் இத்துறையில் முன்னோடி. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று மருத்துவர் கூறினாலும், வலியைக் குறைக்க இன்னும் செய்யத்தக்கவை உண்டு என்பதை மறவற்க.

குழந்தைகள் துன்புறுவதைக் கண்டால் 1098, பெண்கள் வீட்டில் வன்முறைக்கு ஆளானால் 181. "பிறர் குடும்பத்து விவகாரம்" என்று ஒதுங்குதல் அபய தானத்திற்கு முரணாகும்.

இல்லத்தில் சேர்க்கும் முன்

முதியோரை இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், முதலில் அது அரசிடம் பதிவு பெற்றதா என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறிக. பின்னர், முன்னறிவிப்பின்றி ஒருமுறை சென்று காண்க. சமையற்கூடத்தையும் கழிப்பிடத்தையும் பாருங்கள். மருத்துவர் எப்போது வருகிறார் என்று கேளுங்கள். அங்குள்ள முதியவர் ஒருவரோடு தனித்துப் பேச விடுகிறார்களா என்று கவனியுங்கள். சைவ உணவும் பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பும் உடைய நம் முதியோர்க்கு அவ்வசதி உண்டா என்பதையும் முன்னரே பேசித் தெளிக. சொத்தையோ ஓய்வூதியப் புத்தகத்தையோ ஒப்படைக்கக் கேட்கும் இடமாயின் திரும்பி வந்துவிடுக.

நாம் செய்யத்தக்கது

ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஏடு வைப்போம். அதில் மேற்சொன்ன எண்களையும், ஆரம்ப சுகாதார நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், சமூக நல அலுவலகம் ஆகியவற்றின் முகவரிகளையும் எழுதுவோம். முதியோர் ஒவ்வொருவரின் சான்றுகளையும் படியெடுத்து ஒரே உறையில் வைப்போம். எண்களும் தொகைகளும் காலத்திற்கேற்ப மாறக்கூடும். ஆதலால் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்போம். தசலட்சண பருவத்தில் உத்தம தியாகத்திற்குரிய நாள் இதற்கு ஏற்றது. அன்று ஜினாலயத்தில் பூசை முடிந்தபின், கல்வி கற்ற இளைஞர் இருவர் அமர்ந்து, ஊரிலுள்ள முதியோரின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். அவர் எச்சமயத்தார் என்று கேட்க வேண்டா.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். முகவரி எழுதிய தாளை நீட்டுவது பாதி உதவியே. கை முடங்கிய மூதாட்டி தாளைப் பிடித்துக் கொண்டு ஆட்சியர் அலுவலகப் படி ஏற மாட்டார். பேருந்தில் உடன் அமர்ந்து, வரிசையில் உடன் நின்று, கேள்விக்கு விடை சொல்ல இயலாதபோது அவருக்காக வாய் திறந்து பேசி, வீடு வரை கொண்டு சேர்ப்பதே முழு உதவி. அதற்குப் பொன் வேண்டுவதில்லை, ஒரு நாள் பொழுது போதும்.

அடுத்த முறை திருச்சாரணத்து மலை அடிவாரத்தில் ஒரு முதியவர் அமர்ந்துவிட்டால், நம்முள் ஒருவராவது அவர் அருகில் அமர்வோமாக. "எங்கே நோகிறது? மருந்து ஒழுங்காய்க் கிடைக்கிறதா? கேட்பதற்கு யாரேனும் இருக்கிறார்களா?" என்று வினவுவோமாக. அன்று மலை ஏறாதவரும் மலைமேல் வணங்கியவராவர்.

அறம் வளர்க.